பழவங்காடி வரை போன புரதம்

1

போன வாரம் இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜெர்மனிக்குக் குடிவந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த யாத்திரை உண்டு. பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், நான் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்று பேராசிரியர் எழுதித் தந்த கடிதம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்துவிட்டு, வீட்டுப்பாடம் காட்டும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு காகிதம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எப்போதும் ஒரு காகிதம் குறையும்.

இந்த முறை எதுவும் குறையவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பேராசிரியரின் கடிதத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "புற்றுநோய் ஆராய்ச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் தங்கைக்கு வந்திருக்கிறது. உங்கள் மருந்து எப்போது வரும்?" என்றார்.

சில வருடங்களுக்கு முன்னால் என்றால் உற்சாகம் பொங்க எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். இப்போது, "டாக்டர் சொல்வதைத் தள்ளிப்போடாமல் செய்யச் சொல்லுங்கள். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. பாவம், நல்ல வார்த்தை ஒன்றுக்காகத்தான் கேட்டார். முத்திரையை எடுத்துக் குத்தினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி முழுக்கத் திருவனந்தபுரத்து அத்தானின் நினைப்பாகவே இருந்தது.

2

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் உடைப்பதற்குத் தேங்காய் விற்கிற கடை அவருடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். எங்கள் அப்பா போன பிறகு என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்து, காலேஜில் சேர்த்து, எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்கவைத்தது அவர்தான். எனக்கு ஊர் என்றால் அந்தக் கடையும், அந்தச் சந்தியில் இடைவிடாமல் தேங்காய் உடைபடும் சத்தமும்தான்.

அத்தானின் மூலதனம் குரல். பழவங்காடியில் தேங்காய் விற்கிறவர்கள் பலர். எல்லாருடைய தேங்காயும் ஒன்றுதான். ஆனால் மண்டலக் காலத்தில் சபரிமலைக்குப் போகிற சாமிமார் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, தமிழில், மலையாளத்தில், தெலுங்கில், கொஞ்சம் கன்னடத்தில் ஒரே மூச்சில் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். அந்தக் குரலுக்கு ஒரு பஸ் கூட்டமே திரும்பிப் பார்க்கும். கூப்பிட்டுக்கொண்டே விரல் முட்டியால் தேங்காயைத் தட்டித் தட்டி, நல்லது அழுகல் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். யாரோடு என்ன பேசினாலும் அந்தக் கை நிற்காது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் கடை நம்பருக்குப் போன் செய்தால், முதலில் கேட்பது அவர் குரல், அதற்குப் பின்னால் டொக் டொக் என்று தேங்காய். போன் கார்டு வாங்கிப் பேசுகிற காலம். அத்தான் பேசி முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். அக்காவுக்குக் கடைசி அரை நிமிஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

என் மகள் மீராவுக்கும் அவருக்கும் மட்டும் பொருந்தாமல் போயிற்று. அவள் இங்கே பிறந்தவள். என்னோடு தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிப்பாள். எட்டு வயதில் ஒரு நாள் போனை எடுத்து, "பெரியப்பா கடைல இருக்குதா?" என்று கேட்டுவிட்டாள். அத்தான், "இருக்குதாவா? நான் என்ன தேங்காயா மக்களே?" என்று சிரித்ததோடு விடாமல், அங்கேயே கடையில் நின்றவர்களிடமும் அதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முழுவதும் போன் வழியாக இவள் காதில் விழுந்தது. அவருக்கு அது செல்லம். இவளுக்கு அது அவமானம். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் போனைத் தொட்டாலே இவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அத்தான் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் வீடு கட்டி, மாடியை அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர்கள் பொழுதுக்கும் குளிப்பார்கள். தண்ணீர் கரைந்தது. அத்தானுக்குக் கோபம் வந்து, புத்தி வரட்டும் என்று ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனார். பையன்கள் ஆபீஸில் குளித்துக்கொண்டார்கள். கீழே அக்கா கழுவாத பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு இருந்தது ஒரே மோட்டார், ஒரே டேங்க். சாயங்காலம் அத்தான் வாங்கிய திட்டு கழக்கூட்டம் ஹைவே வரைக்கும் கேட்டிருக்கும்.

3

நான் செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகவே சொல்கிறேன்.

செல்லுக்குள் எரிபொருள் மாதிரி ஒரு பொருள் உண்டு, ஏடிபி என்று பெயர். அதை உடைத்து, அதில் வருகிற பலத்தில் வேலை செய்யும் புரதங்களுக்கு ஏடிபேஸ் என்று பெயர். அப்படி ஒரு ஏடிபேஸைத்தான் நான் இங்கே வந்ததிலிருந்து கட்டிக்கொண்டு அழுகிறேன். ஆறு துண்டுகள் வளையமாகக் கூடி நிற்கும் குட்டி மோட்டார் அது. செல்லில் கோணலாகிப்போன, பழுதான புரதங்களை, அவை ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து பிடுங்கிக் குப்பைக்கு அனுப்புவது அதன் முக்கியமான வேலை. அதிசயம் என்னவென்றால், ஆப்பமாவு பொங்கப் போடுகிற ஈஸ்ட்டில் இருப்பதும், ஈயில் இருப்பதும், மனிதனில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே மோட்டார். அத்தனை கோடி வருடங்களில் மற்றதெல்லாம் எப்படியெப்படியோ மாறியிருக்க, இதில் கை வைத்த உயிர் பிழைக்கவில்லை. அதனால் மாறாமலே வந்திருக்கிறது.

புற்றுநோய்ச் செல் அவசரக்காரச் செல். கண்மண் தெரியாமல் வளரும், அதனால் பழுதும் குப்பையும் அதிகம் சேரும். இந்த மோட்டாரை மற்ற செல்களைவிடக் கூடுதலாக நம்பியிருக்கும். அப்படியானால் மோட்டாரை நிறுத்திப் பார்ப்போமே என்று பார்த்தோம். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களில் அந்தப் புரதம் உண்டாகாதபடி தடுத்தோம். குப்பை சேர்ந்து சேர்ந்து எல்லாம் செத்துப்போயின.

அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் சொன்னேன்.

"செத்துச்சா?" என்று கேட்டார்.

"அத்தனையும் செத்துச்சு அத்தான்."

"எல்லே, கேட்டீங்களா, எங்க கோமு கேன்சரக் கொன்னுட்டா!" என்று அத்தான் கடைக்கு வெளியே பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு நான் சொல்ல வந்த எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்டும் தீர்ந்தது. அவர் குரல் அன்றே கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருந்தது. சீசனில் கத்திக் கத்திக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

4

கரகரப்பு போகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தொண்டையில் குரல்வளையிலேயே வந்திருந்தது. கதிர்வீச்சு மட்டும் போதாது, குரல்வளையை முழுவதும் எடுத்துவிட வேண்டும், உடனே எடுத்தால் ஆள் பிழைப்பார் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அக்கா போனில் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் நாள் குறித்தாகிவிட்டது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். அதிசயமாக அக்கா எடுத்தாள்.

"ஏட்டி கோமு, மருந்த பார்சல்ல அனுப்புவியா? இல்ல ஆரும் வரும்போ குடுத்து விடுவியா? ஐஸ் வைக்கணும்னா சொல்லு, பிரிஜ்ஜுல எடம் ஒழிச்சு வைக்கேன்."

"என்ன மருந்து?"

"நீ கண்டுபிடிச்சதுதான். ஒங்க அத்தான் ஆபரேஷன் இப்பம் வேண்டாம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டு வந்துட்டாருல்லா. கொழுந்தியா மருந்து வருதுன்னு பழவங்காடி முச்சூடும் சொல்லியாச்சு."

இங்கிருந்து ஊருக்கு யார் போனாலும் சாக்லேட், சென்ட், வைட்டமின் மாத்திரை என்று எதையாவது கொடுத்துவிடுகிற ஆள் நான். கேட்டது எதையும் அனுப்பாமல் இருந்ததில்லை. இதையும் அனுப்பிவிடுவேன் என்று அவர்கள் நம்பியதில் என்ன தப்பு?

"போன அத்தான்கிட்ட குடு" என்றேன்.

5

"ஆபரேஷன வேண்டாம்னு சொல்லிட்டீங்களா அத்தான்?"

"வேண்டாம்னு சொல்லல பிள்ளே. நீட்டி வச்சிருக்கேன், அவ்வளவுதான். மண்டலக் காலம் கழியட்டும். அதுக்குள்ள உன் மருந்து வந்திரும், அல்லே?" குரல் உடைந்து உடைந்து வந்தது. பின்னால் டொக் டொக். "குரல அறுத்துட்டா, சாமிமார் வந்து எறங்கும்போ நான் என்னத்தச் செய்யட்டும்? கைய ஆட்டிக் கூப்பிடவா? உன் மருந்துல கத்தியே வேண்டாம்லா?"

"நான் மருந்துன்னு சொல்லல. தட்டுல இருந்த செல்லு செத்துச்சுன்னுதான் சொன்னேன்."

"செத்துச்சுல்லா? அது மதி எனக்கு, அது போதும்."

"பக்கத்துத் தட்டுல நல்ல செல்லும் இருந்துச்சு அத்தான். அதுவும் செத்துச்சு. கொஞ்சம் பிந்திச் செத்துச்சு, அவ்வளவுதான்."

தேங்காய்ச் சத்தம் நின்றது. எனக்குத் தெரிந்து அந்தக் கை நின்றது அன்றைக்குத்தான்.

"நல்லதுக்கு ஒண்ணும் கெட்டதுக்கு ஒண்ணும் வேற வேற இருக்கும்லா? கெட்டதுக்குள்ளத மட்டும் நிறுத்தேன்" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. என்னைப் படிக்கவைத்தவர் என்னிடம் கெஞ்சுகிறார்.

வேறு எதைச் சொன்னால் புரியும் என்று தவித்தபோதுதான் கழக்கூட்டம் ஞாபகம் வந்தது.

"மாடிப் பையன்களுக்குப் புத்தி வரட்டும்னு மோட்டார நிறுத்தினீங்களே, என்ன ஆச்சு?"

"ஒத்த மோட்டாரா?" என்றார்.

"ஒத்த மோட்டார்தான். ஈஸ்ட்டுல இருக்கறதும் அது, ஈயில இருக்கறதும் அது. உங்க தொண்டைல நல்ல பக்கத்துல இருக்கறதும் கெட்ட பக்கத்துல இருக்கறதும் அதேதான்."

"கடவுளு ரெண்டு வச்சிருக்கலாம்."

"வைக்கலியே அத்தான்."

"அப்பம் நீ அங்கன இருந்து இத்தன வருஷமா என்னத்தத்தான் பண்ணுதே?"

கோபத்தில் கேட்டதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எந்தப் பேராசிரியரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

"மாடியிலதான் தண்ணி ஜாஸ்தி செலவு. வால்வ கொஞ்சமா இறுக்கினா அவங்களுக்குத்தான் முதல்ல முட்டும், கீழ இருக்கறவங்க சமாளிச்சுக்கலாம். எவ்வளவு இறுக்கலாம்னுதான் தேடிட்டிருக்கோம். அது கிடைக்க வருஷக்கணக்கா ஆகும், கிடைக்காமலே போனாலும் போகும். உங்க தொண்டைல இருக்கறது அதுவரைக்கும் காத்துட்டு இருக்காது. நீங்க எனக்கு வேணும் அத்தான். குரல் இல்லாட்டாலும் வேணும்."

"மதி பிள்ளே" என்றார். "வைக்கேன்."

மறுநாள் அக்காவும் அவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திட்டினார்களாம். திட்டிவிட்டு வேறு நாள் கொடுத்தார்கள்.

6

என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. விசா நீட்டிப்பதற்காகப் பாஸ்போர்ட் இதே அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அவசரம் என்றேன். இறந்துவிட்டாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் வரிசைப்படிதான் என்றார்கள். இந்த ஊரில் எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்திய ஞாயிறு. அத்தான் கடையில்தான் இருந்தார். டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததை அக்கா பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"கோமு, ஒரு காரியம். பிள்ளையக் கூப்பிடு. ஒரு தடவ என் குரலக் கேட்டுக்கிடட்டும். பொறவு கேக்கணும்னாலும் கிடைக்காதுல்லா."

குளியலறைக் கதவைத் தட்டினேன். காரணத்தையும் சொன்னேன். "பெரியப்பா சிரிப்பாங்க. மாட்டேன்" என்று உள்ளேயிருந்து வந்தது. மிரட்டினேன், கெஞ்சினேன். தாழ்ப்பாள் அசையவில்லை. அவள்மேல் வந்த கோபத்தைவிட, இப்படி ஒரு தூரத்தில் அவளை வளர்த்த என்மேல் வந்த கோபம் அதிகம்.

"வரமாட்டேங்கறா அத்தான்."

"சாரமில்ல, விடு. அந்தப் போன்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு பட்டன் உண்டுல்லா? அத அமுக்கு."

அமுக்கினேன். அவர் ஒரு தடவை இருமினார். பிறகு கூப்பிட்டார். பஸ்ஸிலிருந்து சாமிமார் இறங்கும்போது கூப்பிடுகிற அதே கூப்பாடு, நாலு பாஷையிலும். வாங்க சாமி, வரூ சாமி, ரண்டி சாமி, பன்னி சாமி, பிள்ளையாருக்கு நல்ல தேங்காய். பாதிக்குமேல் காற்றுதான் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பின்னால் அந்தக் கை தேங்காயைத் தட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் பழவங்காடி வந்து நின்றது. குளியலறைக்குள் சத்தமே இல்லை.

கடைசியில் மூச்சு வாங்க, "கேட்டாளா?" என்றார்.

"கேட்டா அத்தான்" என்றேன். கேட்டாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?

7

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாக. தொண்டையில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். 'இதில் கூப்பிட்டால் சாமிமார் பயந்து ஓடிவிடுவார்கள்' என்று காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அக்கா கடையில் போய் உட்கார்ந்தாள். வீட்டு ஆட்களைத் தவிர யாரிடமும் சத்தமாகப் பேசியிராத அக்கா, முதல் நாள் கூச்சப்பட்டு, மறுநாள் வாய் திறந்து, வாங்க சாமி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். இரண்டு பாஷைதான் வருகிறது, அது போதும் என்றாள்.

அத்தான் கடைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போலக் கூப்பிட்டேன். போனை எடுத்தார்கள். ஹலோ இல்லை. பஸ் சத்தம், யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம், அக்கா தூரத்தில் யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு, ரிசீவருக்குப் பக்கத்திலேயே, டொக். டொக் டொக்.

என்னால் பேச முடியவில்லை. அவராலும் பேச முடியாது. கார்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பொங்கிப் பொங்கி அழுதுகொண்டு நின்றேன்.

சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மீரா, அன்றைக்கு என்னவோ குளியலறைக்குப் போகாமல் இருந்தவள், எழுந்து வந்தாள். ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"தேங்காய்" என்றாள் என்னிடம். "அன்னிக்குக் கேட்டதுதான். பெரியப்பா."

கையிலிருந்த பென்சிலால் ரிசீவரின் வாயில் தட்டினாள். ஒன்று. பிறகு இரண்டு.

அந்தப் பக்கம் அடங்கிப்போயிற்று. இணைப்புப் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு அங்கிருந்து தடதடவென்று ஒரு வரிசை வந்தது, சீசனில் கை வேகமாக ஓடுகிற மாதிரி. மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். இவளும் திருப்பித் தட்டினாள். எதிலும் பிழை இல்லை, யாரும் யாரையும் திருத்தவில்லை. அந்தக் கார்டு தீரும்வரைக்கும் எனக்கு ரிசீவர் கிடைக்கவில்லை.

8

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வால்வை எவ்வளவு இறுக்கலாம் என்பது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. சில செல்களில் ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது. கெட்டது திணறி, நல்லது தாக்குப்பிடிக்கிற ஓர் அளவு. வேறு செல்லில் பார்த்தால் அந்த இடைவெளி காணாமல் போய்விடுகிறது. அக்கா அவ்வப்போது, "அத்தான் கேக்கச் சொன்னாரு, மாடிக்காரங்க கத என்னாச்சு?" என்று கேட்பாள். இல்லை, இன்னும் இல்லை என்பேன். அத்தானுக்கு நோய் திரும்பி வரவில்லை. அதற்கு என் புரதம் காரணமில்லை, குறித்த நாளில் போய்ப் படுத்ததுதான் காரணம்.

முத்திரை குத்திய பாஸ்போர்ட்டோடு வீடு வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு இன்றைக்கு. அந்த அம்மாளின் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாளா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். நம்பரைப் போட்டவள் மீராதான். இப்போது அவளுக்கு நான் கிட்டப்போக முடியாத வயது. வாசல் கதவைப் பட்டென்று சாத்துகிற வயது. என்னோடு பேசுவது குறைந்து, தமிழும் அதோடு சேர்ந்து தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் அவளுடையது. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பென்சிலால் தட்டுவாள். நிறுத்திக் கேட்பாள். தட்டுவாள்.

இன்றைக்கு ரொம்ப நேரம் போயிற்று. பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய், "என்னடி சொல்றாங்க பெரியப்பா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமலே கையைக் காட்டினாள்.

"சும்மா இரும்மா. பேசிட்டு இருக்கோம்ல."